மூன்றாவது புரி

படகின் பின்பலகைக்குக் கீழே, எண்ணெய்க் கானுக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் நடுவில், பிரான்சிஸ்காவின் கத்தி கிடக்கும். ஒன்றரைச் சாண் நீளம். பழைய லொறி வில்லுத் தகட்டில் மன்னாரில் ஒரு கொல்லர் அடித்துக் கொடுத்தது. நுனி சற்று உள்ளே வளைந்திருக்கும். முதுகு விரல் தடிப்பு. பிடி இரண்டு தடவை மாற்றப்பட்டது. அந்தக் கத்தியால் அவர் பாரை மீனைப் பிளப்பார், தேங்காய் உடைப்பார், விறகு தறிப்பார், படகின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவார். முதுகுப் பக்கத்தால் ஆணியும் அடிப்பார். இத்தனை வேலைக்கும் அதில் தனித்தனி உறுப்பு எதுவும் இல்லை. கை பிடிக்கும் விதம்தான் மாறும்.

அதை உயர்த்திச் சொல்லவும் அவசியமில்லை. இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் துருப்பிடிக்கும். பாரம் அதிகம். கயிறு கோத்துக் கையில் மாட்டிக்கொள்ளப் பிடியில் ஒரு துளைகூட இல்லை. கொல்லர் அதை வீட்டுக்கென்று நினைத்து அடித்தார். கடலுக்குக் கொண்டுபோனது பிரான்சிஸ்கா.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. மன்னார்த் தீவின் வடகரையில், பேசாலைப் பக்கம், கணவர் பஸ்ரியனோடு நண்டு வலைக்குப் போகிறார். அங்கே பெண்கள் கரையில் இருந்துகொண்டு வலையிலிருந்து நண்டு கழற்றுவார்கள். கடலுக்குப் போவது வழக்கமில்லை. அவர் போகத் தொடங்கியதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஆறு வருடத்துக்கு முன் பஸ்ரியனோடு கூடப் போன ஆள் கட்டாருக்கு வேலைக்குப் போனார். வேறு ஆள் கிடைக்கும்வரை என்று பிரான்சிஸ்கா படகில் ஏறினார். ஆள் கிடைக்கவில்லை, பிறகு யாரும் தேடவும் இல்லை. எஞ்சின் பிடிக்கப் பழகிக்கொண்டார். பஸ்ரியன் முன்பக்கம் அணியத்தில் நிற்பார், இவர் பின்பக்கம் எஞ்சினோடு இருப்பார். இருவருக்கும் இடையில் அதிகம் பேச்சிருக்காது. பேசினாலும் காற்றில் கேட்காது.

சென்ற ஆவணியில், மடு மாதா கோயில் திருவிழாவுக்கென்று, அவருடைய தம்பி டிலோஜன் கனடாவிலிருந்து வந்தான். பதினான்கு வருடத்துக்குப் பின் வந்தவன். அங்கே ஒரு பெரிய களஞ்சியத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை. அக்காவுக்குக் கைப்பையும் அத்தானுக்குச் சப்பாத்தும் கொண்டுவந்தான். தனக்கென்று இடுப்பில் ஒரு கத்தி கட்டியிருந்தான். காட்டில் தனித்துப்போனவர்கள் உயிர் தப்புவதற்கென்று விற்கப்படும் கத்தி அது. கறுப்பு அலகு, முதுகில் வாள்பல், குழாய் போன்ற பிடி. பிடியின் அடிமூடியில் திசைகாட்டி. மூடியைத் திருகினால் உள்ளே தூண்டில், நூல், ஊசி, தீக்குச்சி.

"பதினெட்டு வேலை செய்யும்," என்றான் டிலோஜன். படகை இறக்கும் இடத்தில் மூவரும் நின்றிருந்தார்கள்.

"சோறு காய்ச்சுமோ?" என்று பஸ்ரியன் கேட்டார்.

"நெருப்பு மூட்டும் அத்தான். உந்தக் கம்பியில உரசினால் பொறி பறக்கும்."

"லைட்டர் என்னட்டக் கிடக்கு."

"வடக்கு எது எண்டு காட்டும்."

பஸ்ரியன் கடலைப் பார்த்தார், திரும்பிக் கோயில் கோபுரத்தைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் எங்க போய் வந்தனாங்கள், மச்சான்?"

பிரான்சிஸ்கா ஒரு துண்டு நைலோன் கயிற்றை எடுத்து நீட்டினார். "உதை வெட்டிக் காட்டு."

டிலோஜன் வாள்பல்லால் அறுத்தான். பல் கயிற்றைக் கடிக்கவில்லை, வழுக்கியது. கயிறு மயிர்விட்டு வீங்கியது, அறவில்லை. திருப்பி அலகால் அறுத்தபோது, நிறைய நேரம் கழித்து, அறுந்தது.

"பிறந்தநாள் கேக்குக்குத் திறமான சாமான்," என்றார் பஸ்ரியன். டிலோஜனும் சிரித்தான். ஆனாலும் அதை இடுப்பிலிருந்து கழற்றவில்லை.

அந்தக் கத்தி வந்த பெட்டியில் ஒரு படம் இருந்தது. தாடி வளர்ந்த ஒரு மனிதன் மலைக்காட்டில் தனியாக நிற்கிறான். உயிர் தப்புவது தனித்து நிற்பவனின் வேலை என்று அதைச் செய்தவர்கள் எண்ணியிருக்க வேண்டும். கேட்டால் எடுத்துத் தர ஆள் இல்லை என்பதால், எல்லாவற்றையும் ஒரே பிடிக்குள் திணித்தார்கள். படகில் வேலை செய்பவர்களுக்கு இந்த எண்ணம் வராது. அங்கே ஒரு கத்தி போதும். அதை எடுத்துத் தர இன்னொருவர் இருக்கிறார். எந்தக் கத்தி நல்லது என்று கேட்கும்போது நாம் இரும்பை மட்டும் பார்க்கிறோம். இரண்டு ஆட்களுக்கு நடுவில் உள்ள அந்தச் சிறிய தூரத்தை யாரும் பார்ப்பதில்லை.

இரண்டு நாள் கழித்துத் தானும் வருகிறேன் என்று டிலோஜன் படகில் ஏறினான்.

மூன்றாவது வலையை எடுக்கும்போது காலை எட்டு மணி இருக்கும். சோழகம் என்ற தென்மேற்குக் காற்று கரைப்பக்கமிருந்து வீசியது. அந்தக் காற்றில் கரையோரத் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும், வெளியே போகப்போக அலை எழும்பும். அவர்கள் நின்ற இடம் ஐந்து பாகம் ஆழம், ஏறக்குறைய ஐந்து ஆள் உயரத் தண்ணீர். வலையின் ஒரு பக்கம் அடியில் பாறையில் சிக்கி வர மறுத்தது. காற்று படகைத் தள்ளத் தள்ள வலை கிழியப் பார்த்தது.

"நங்கூரத்தைப் போட்டிட்டு ஆறுதலா எடுப்பம்," என்றார் பஸ்ரியன்.

நங்கூரக் கயிற்றை அணியத்தில் சுருட்டி வைப்பது எப்போதும் அவர்தான். வேறு எவரும் அதைத் தொடுவதில்லை. அன்று டிலோஜன் அந்த இடத்தில் கால் நீட்டி இருந்தான். இடைஞ்சலாக இருக்கிறதென்று சுருளைக் காலால் ஒதுக்கிவிட்டிருந்தான். பஸ்ரியன் குனிந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் சரியாக இருக்கும் ஒன்றை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நங்கூர இரும்பைத் தூக்கி எறிந்தார். கயிறு ஓடியது. ஓடிய கயிற்றின் ஒரு வளையம் அவருடைய வலது கணுக்காலில் ஏறி இறுகியது.

அவர் கத்தவில்லை. உடம்பு பலகையில் அடிபட்ட சத்தம் மட்டும் கேட்டது. பிரான்சிஸ்கா நிமிர்ந்து பார்த்தபோது அணியத்தில் தம்பி மட்டும் இருந்தான்.

நங்கூரம் அடியில் போய்ப் பாறையில் கொளுவிக்கொண்டது. கயிற்றின் மறு நுனி அணியத்தில் கட்டியிருந்தது. காற்று படகைப் பின்னால் தள்ள, கயிறு நரம்புபோல இறுகியது. படகுக்கும் நங்கூரத்துக்கும் நடுவில், கயிற்றில் கட்டுண்டு, பஸ்ரியன் தண்ணீருக்குள் இருந்தார். ஒரு கை வெளியே வந்து போனது.

டிலோஜன் இடுப்புக் கத்தியை உருவி, அணியத்தில் இருந்த கயிற்றில் வைத்தான்.

"வெட்டாதே," என்றார் பிரான்சிஸ்கா.

"அக்கா, தாழுறார்."

"மேல வெட்டினால் அவர் அங்க கட்டுப்பட்டுக் கிடப்பார், நாங்கள் இழுபட்டுப் போயிடுவம். காலுக்குக் கீழ வெட்ட வேணும்."

அவர் எஞ்சினை இழுத்தார். முதல் இழுவையில் பிடித்தது. கயிற்றின் போக்கைப் பார்த்துப் படகை மெல்ல முன்னால் கொண்டுபோனார். படகு நங்கூரத்துக்கு நேர் மேலே வந்தபோது கயிறு தளர்ந்தது, பஸ்ரியனின் தலை வெளியே வந்தது. ஆனால் காலிலிருந்து நங்கூரம்வரை இருந்த கயிறு ஒரு முழம் குறைவு. அலை இறங்கும்போது வாய் தண்ணீருக்கு மேலே இருந்தது. அலை ஏறும்போது நெற்றியும் தெரியவில்லை. டிலோஜன் படுத்து அவருடைய சட்டையைப் பிடித்திருந்தான்.

படகை அந்த இடத்தில் வைத்திருக்க எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் காற்று தள்ளிவிடும், கயிறு மறுபடி அவரை உள்ளே இழுக்கும். ஆகவே பிரான்சிஸ்கா பின்பலகையை விட்டு எழும்ப முடியாது. இறங்க வேண்டியவன் டிலோஜன்.

"உங்கட கத்தியைத் தாங்கோ அக்கா. இது அறுக்காது. கெதியா."

இடது கை எஞ்சினில் இருக்க, வலது கையால் பலகைக்குக் கீழே துழாவிக் கத்தியை எடுத்தார். டிலோஜன் நடுப்படகுக்கு வந்து கையை நீட்டினான். இருவருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கலாம். விரித்த உள்ளங்கை அவருக்கு முன்னால் இருந்தது.

அவர் கத்தியை அந்தக் கையில் கொடுக்கவில்லை. நடுப்பலகையில் வைத்தார்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறும் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒரே மாதிரித்தான் செய்வார்கள். குசினியில் ஒருவர் கத்தி கேட்டால், மற்றவர் அதை மேசையில் வைப்பார், கேட்டவர் எடுத்துக்கொள்வார். பிரான்சிஸ்கா அந்த நேரம் உறவையோ வேறு எதையுமோ எண்ணவில்லை. எண்ணியிருந்தால் கையில் கொடுத்திருப்பார். எண்ணாததால்தான் கை தான் பழகியதைச் செய்தது.

நடுப்பலகை படகின் விளிம்பு மட்டத்தில் இருக்கும். அதில் நண்டின் வழுவழுப்பும் தண்ணீரும். டிலோஜனின் விரல் பிடியைத் தொடுவதற்குள் படகு சாய்ந்தது. கத்தி வழுக்கிப் போய் விளிம்பில் ஒருமுறை தட்டிக் கடலில் விழுந்தது.

இருவரும் அந்த இடத்தைப் பார்த்தார்கள். தண்ணீர் மூடிக்கொண்டது.

"உன்ர கத்தியோட இறங்கு," என்றார் பிரான்சிஸ்கா. குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

இந்த இடத்தில் அந்தக் கறுப்புக் கத்திக்கும் நியாயம் சொல்ல வேண்டும். அதன் பிடியில் ஒரு கயிற்று வளையம் இருந்தது. டிலோஜன் அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு குதித்தான். திசைகாட்டியும் தூண்டிலும் விளம்பரத்துக்கு. அந்த வளையத்தை மட்டும், கையிலிருந்து கத்தியைத் தவறவிட்ட யாரோ ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார்.

அவன் அத்தானின் உடம்பைப் பிடித்துக்கொண்டு கீழே போனான். பிரான்சிஸ்கா எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கணவரின் முகத்தைப் பார்த்தார். பஸ்ரியனின் கண் திறந்திருந்தது. வாய் வெளியே வரும்போதெல்லாம் காற்றோடு தண்ணீரும் போனது.

டிலோஜன் மேலே வந்தான். "ஒரு புரி அறுந்திட்டுது."

மூன்று புரிகளை, மூன்று இழைகளை, ஒன்றாக முறுக்கிய கயிறு அது.

"திரும்பப் போ."

போனான். இம்முறை நிறைய நேரம் எடுத்தது. காற்று கூடியிருந்தது. படகின் முகம் விலகப் பார்த்தது. பிரான்சிஸ்கா அதைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கூட்டினால் படகு பஸ்ரியன்மீது ஏறும். குறைத்தால் கயிறு அவரை உள்ளே இழுக்கும். அவருடைய கையில் அந்த நேரம் அவ்வளவு இடம்தான் இருந்தது.

டிலோஜன் வந்தபோது மணிக்கட்டில் வெறும் பிடி தொங்கியது. அலகு பிடியோடு சேரும் இடத்தில் ஒரு மெல்லிய திருகாணிதான் இருந்திருக்கிறது. அது முறிந்துவிட்டது. குழாய்க்குள்ளிருந்த தீக்குச்சிகள் வெளியேறி, அவனுடைய தாடைக்குப் பக்கத்தில் மிதந்தன.

"எத்தினை?"

"ரெண்டு. மூண்டாவதில பாதியும் இல்லை." அவன் அழுதுகொண்டிருந்தான், அல்லது கடல் தண்ணீராக இருக்கலாம். "கையால பிய்க்க ஏலாது அக்கா."

பஸ்ரியனின் தலை இப்போது முன்பைவிடக் குறைவாக வெளியே வந்தது. கை அடிப்பதை விட்டுவிட்டது.

பிரான்சிஸ்கா கயிற்றைப் பார்த்தார். அணியத்திலிருந்து கால், காலிலிருந்து நங்கூரம். கடைசித் துண்டில் ஒரு புரியும் முழுதாக இல்லை. படகு இழுத்தால் அது அறலாம். இழுக்கும் பாரம் முழுவதும் கணுக்காலில் இருக்கும் வளையத்துக்கூடாகத்தான் போகும். இழுக்கும்போது அவர் தண்ணீருக்குள் போவார். அறாவிட்டால் திரும்பி வரமாட்டார்.

"அவரை விட்டிட்டுத் தள்ளிப் போ," என்றார்.

"என்ன செய்யப்போறியள்?"

"றிவேஸில இழுக்கப்போறன்."

"கால் போயிடும் அக்கா."

"தெரியும். தள்ளு."

பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னார். "இஞ்சாருங்கோ. மூச்சைப் பிடியுங்கோ. இழுக்கப்போறன்."

அவருக்குக் கேட்டதோ தெரியாது. அடுத்த அலை இறங்கியபோது அவர் வாயை மூடியிருந்தார்.

எஞ்சின் பின்னோக்கி இழுத்தது. கயிறு தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்து இறுகியது. பஸ்ரியன் மறைந்தார். படகு நடுங்கி நின்றது. பிரான்சிஸ்கா எஞ்சின் பிடியை முழுவதும் திருகிப் பார்த்தார். அறவில்லை. மூன்று, நான்கு என்று எண்ணினார், ஐந்துக்குப் போகவில்லை. உடனே படகை முன்னால் கொண்டுவந்தார். தலை வந்தது. அவர் இருமினார். இருமல் கேட்டதே அப்போது பெரிய விஷயம்.

மெல்ல இழுத்தால் அறாது என்று இப்போது தெரிந்துவிட்டது. ஓடி வந்து இழுக்க வேண்டும். அப்படிச் செய்ய, முதலில் படகை நங்கூரத்துக்கும் அப்பால் கொண்டுபோய்க் கயிற்றை நன்றாகத் தளரவிட வேண்டும். பஸ்ரியனைக் கடந்து போக வேண்டும். எஞ்சினின் விசிறி அவருக்குப் பக்கத்தால் போகும்.

"அவரை அங்கால பிடி. எஞ்சினுக்குக் கிட்ட விடாதே. நான் கை காட்டினவுடன கையை விடு."

டிலோஜன் பிடித்தான். படகு அவர்களைக் கடந்து போனது. ஓர் ஆள் நீளம்கூட இடைவெளி இல்லை. பிரான்சிஸ்கா மரியாளைக் கூப்பிடத் தொடங்கினார், பாதியில் சொற்கள் நின்றுவிட்டன. கையைக் காட்டினார். றிவேஸில் போட்டு முழுவதும் திருகினார்.

படகு பின்னால் பாய்ந்தது. தளர்ந்த கயிறு ஒரே அடியாக இறுகியது. படகு முழுவதும் குலுங்கி, பிரான்சிஸ்காவைப் பலகையிலிருந்து கீழே தள்ளியது. பிறகு, எதுவும் பிடித்திராதது போல, படகு தன்பாட்டில் பின்னால் போயிற்று.

எழும்பி எஞ்சினை நிறுத்தினார். கடலில் பஸ்ரியன் தெரியவில்லை. டிலோஜன் வேறு பக்கம் பார்த்து நீந்திக்கொண்டிருந்தான். அணியத்துக்கு ஓடிக் கயிற்றைக் கைமாறிக் கைமாறி இழுத்தார். பாரமாக வந்தது. முதலில் கால் வந்தது. பிறகு மிச்ச மனிதர்.

படகுக்குள் போட்டபோது பஸ்ரியன் நிறையத் தண்ணீரைக் கக்கினார். கணுக்காலுக்குக் கீழே பாதம் வேறு ஒரு பக்கம் பார்த்தது. கயிறு தசைக்குள் புதைந்திருந்தது. அதை வெட்டி எடுக்க ஒரு கத்தி இல்லை. பிரான்சிஸ்கா பல்லால் வளையத்தைத் தளர்த்தினார்.

இதை ஊரில் துணிவு என்று சொன்னார்கள். அவசரத்தில் சொன்ன சொல் அது. துணிவுக்கு இரண்டு வழியாவது முன்னால் இருக்க வேண்டும். அவருக்கு முன்னால் ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றைக் கண்டுபிடித்து, தன் கணவரின் காலுக்குத் தானே இதைச் செய்யப்போகிறேன் என்று தெரிந்துகொண்டே செய்தார். இதற்குச் சரியான சொல் என்னிடம் இல்லை. கிடைக்கும்வரை சும்மா இருப்பதே மேல்.

மன்னார் ஆஸ்பத்திரியில் காலைத் திறந்து தகடு வைத்தார்கள். நடக்கலாம், ஆனால் முன்னைப்போல அணியத்தில் நிற்க வராது என்றார் டொக்டர். மூன்றாம் நாள் பஸ்ரியன் தெளிவாகப் பேசினார். கட்டிலுக்கு ஒரு பக்கம் பிரான்சிஸ்காவும் மறு பக்கம் டிலோஜனும் கதிரைகளில் இருந்தார்கள். நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார் அவர்.

டிலோஜன் சொன்னான். கயிற்றுச் சுருளைத் தான் காலால் ஒதுக்கியதைச் சொன்னான். அதைச் சொல்லும்போது நிலத்தைப் பார்த்தான். கத்தியைப் பற்றிச் சொல்லும் இடம் வந்தபோது, "அலை அடிச்சு அக்கான்ர கத்தி விழுந்திட்டுது," என்றான்.

"அலை மட்டும் இல்லை," என்றார் பிரான்சிஸ்கா. "இவன் கையை நீட்டிக்கொண்டு நிண்டவன். நான் கையில குடுக்கேல்ல. பலகையில வச்சனான்."

பக்கத்துக் கட்டில்காரர் வானொலியைக் குறைத்தார், கேட்பதற்காக.

"என்னத்துக்கு வச்சனீ?" என்று பஸ்ரியன் கேட்டார்.

"தெரியாது. வச்சிட்டன்."

இனிப் பஸ்ரியன் என்ன சொன்னாலும் அது மிச்சக் காலம் முழுவதும் வீட்டுக்குள் இருக்கும் என்று பிரான்சிஸ்காவுக்குத் தெரியும். கால் முறிந்ததற்குப் பிரான்சிஸ்கா மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கத்தியைப் பலகையில் வைத்ததற்குக் கேட்கலாம், கேட்டால் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

"நானும் பலகையிலதான் வச்சிருப்பன்," என்றார் பஸ்ரியன்.

ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மை அதுதான் என்று சொன்னாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. உண்மை என்றே படுகிறது. உண்மையாக இருப்பதால் அதில் ஆறுதல் கொஞ்சம் குறைவு.

பிறகு அவர் கேட்டார். "வலை?"

"கடல்லதான் கிடக்கு."

"மூண்டு நாளோ? நண்டு எல்லாம் செத்து நாறப்போகுது. வலையும் பாழாப்போகும்."

"நாளைக்குப் போய் எடுக்கிறன்."

"ஆரோட?"

டிலோஜனுக்கு விமானம் ஞாயிற்றுக்கிழமைதான். அவன் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த காயம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"நான் வாறன் அக்கா," என்றான்.

அவர் தம்பியை ஒருமுறை முழுவதுமாகப் பார்த்தார்.

"வா," என்றார். "ஆனால் அணியத்தில இருக்காதே."